மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும்: எந்த அளவை எதனோடு சேர்ப்பது?

மேசைக்கணினி ஒன்றைப் புதிதாக அசெம்பிள் செய்யப் பட்டியல் போடுபவர்கள், பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பற்றி வாரக்கணக்கில் படித்துவிட்டு, எல்லாப் பாகங்களையும் செருகும் மதர்போர்டின் அளவு என்று வரும்போது மட்டும் கடைக்காரர் எடுத்து நீட்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரே சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்), ஒரே சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்), ஒரே வகை ரேம். ஆனால் ஏடிஎக்ஸ், மைக்ரோ ஏடிஎக்ஸ், மினி ஐடிஎக்ஸ் என்று மூன்று அளவுகள், மூன்று விலைகள். பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பினால் அங்கும் ஏடிஎக்ஸ், எஸ்எஃப்எக்ஸ், டிஎஃப்எக்ஸ் என்று வரிசை நீள்கிறது. இவற்றில் எதை எடுப்பது என்று தயங்கி எழுதிக் கேட்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. பிராசசரும் கார்டும் நான்கைந்து ஆண்டுகளில் மாறிவிடும். பாகங்களை அடைக்கும் பெட்டியான கேபினெட்டும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் அடுத்த கணினிக்கும் தொடரும். ஆகவே அளவைப் பற்றிய முடிவு, பட்டியலில் உள்ள மற்ற முடிவுகளைவிட நீண்ட நாள் நம்மோடு இருக்கப் போகிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் இடம். மேசைக்கு அடியில் அரை மீட்டர் உயரப் பெட்டி நின்றால் யாருக்கும் தொந்தரவில்லை என்ற வீடும் உண்டு. படிக்கவும் சாப்பிடவும் ஒரே மேசைதான் என்ற விடுதி அறையும் உண்டு. அடுத்து, போர்டில் உண்மையாகவே எத்தனை பொருள்களைச் செருகப் போகிறோம் என்பது; செருகக்கூடும் என்று கற்பனை செய்வதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூன்றாவதாக வெப்பமும் ஓசையும். ஏசி இல்லாத அறையில் சித்திரை மாத நடுப்பகலில் கேபினெட்டுக்குள் நுழையும் காற்றே 36, 38 டிகிரியில் இருக்கும் ஊர்களில் இது அலங்காரக் கேள்வி ஆகாது. நான்காவதாக, யூபிஎஸ் உட்பட மின்சாரம் சார்ந்த விஷயங்கள்.

ஐந்தாவதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன்: ஒரு பாகம் பழுதானால் அதே நாளில், அதே ஊரில், வேறு நிறுவனத்தின் பாகத்தை வாங்கி மாட்ட முடியுமா? அளவுத் தரம் என்ற ஒன்றை வகுத்ததன் பயனே அதுதான். கடைசியாக மொத்தச் செலவு. போர்டின் விலையை மட்டும் ஒப்பிட்டால் தவறான விடைதான் கிடைக்கும்; போர்டு, கேபினெட், எஸ்எம்பிஎஸ், கூலர் ஆகிய நான்கையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

## தரம் எதை உறுதிசெய்கிறது

அளவுத் தரத்தில் இரண்டு ஒப்பந்தங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வடிவம் பற்றியது: போர்டின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், பின்பக்கத் திறப்பின் அளவு, எஸ்எம்பிஎஸ் பெட்டியின் அளவு. மற்றது மின்சாரம் பற்றியது: எந்த இணைப்பியில் எந்தக் கம்பி, எத்தனை வோல்ட், எவ்வளவு ஏற்ற இறக்கம் பொறுத்துக்கொள்ளப்படும் என்பன. வேகத்தைப் பற்றியோ தயாரிப்பின் தரத்தைப் பற்றியோ இது எதுவும் சொல்வதில்லை.

1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் போர்டு அளவையும், அதைச் சுருக்கிய பேபி ஏடி அளவையுமே பத்தாண்டுக்கு மேல் எல்லோரும் பின்பற்றினார்கள். அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பி8, பி9 என்ற இரண்டு இணைப்பிகள் வரும். இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்படி செருக வேண்டும், இடம் மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். முன்பக்க சுவிட்சுக்கே வீட்டு மின்சாரம் நேராக வந்து போகும். 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் இந்த இரண்டையும் ஒழித்தது: ஒரே திசையில் மட்டும் நுழையும் 20 பின் இணைப்பி (இன்று அது 24 பின்) ஒன்று வந்தது, சுவிட்ச் என்பது போர்டு வழியாக எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும் சிறு சமிக்ஞையாக மாறியது. கணினி அணைந்திருக்கும்போதும் போர்டில் 5 வோல்ட் காத்திருப்பது அதன் பக்கவிளைவு. ரேமைக் கழற்றுவதற்கு முன் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கச் சொல்வது அதனால்தான்.

1997-இல் மைக்ரோ ஏடிஎக்ஸையும் இன்டெல்லே வகுத்தது. மினி ஐடிஎக்ஸ் 2001-இல் தைவானின் வியா நிறுவனத்திடமிருந்து வந்தது. இரண்டும் நிலைத்ததற்குக் காரணம், பெரிய போர்டின் திருகுத் துளைகளில் சிலவற்றையும் அதே பின்பக்கத் திறப்பையும் அப்படியே பயன்படுத்திக்கொண்டதுதான். சிறிய போர்டைப் பெரிய கேபினெட்டில் மாட்டலாம் என்பதால், வாங்கியவருக்கு வழி அடைபடவில்லை. பென்டியம் 4-இன் வெப்பத்தைச் சமாளிக்க 2003-இல் இன்டெல் அறிவித்த பிடிஎக்ஸ் இதற்கு நேர்மாறானது. காற்றோட்டம் உண்மையிலேயே சீராக இருந்தும், பழைய கேபினெட்டில் மாட்ட முடியாத அது 2006-இல் கைவிடப்பட்டது. இன்டெல்லே முன்னின்று நடத்தியும் தேறாத கதை என்பதால், புதிது புதிதாக வரும் அளவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

## மதர்போர்டு அளவுகள்

| அளவு | நீள அகலம் (மி.மீ.) | ஏடிஎக்ஸ் பரப்பில் | ஸ்லாட் இடங்கள் | ரேம் ஸ்லாட் (வழக்கமாக) | மாட்டக்கூடிய கேபினெட் |
|---|---|---|---|---|---|
| ஈ-ஏடிஎக்ஸ் | 305 × 330 வரை | பெரியது | 7 அல்லது 8 | 4 அல்லது 8 | பெரிய டவர் மட்டும் |
| ஏடிஎக்ஸ் | 305 × 244 | முழுமை | 7 | 4 | ஏடிஎக்ஸும் அதற்கு மேலும் |
| மைக்ரோ ஏடிஎக்ஸ் | 244 × 244 | ஐந்தில் நான்கு | 4 | 2 அல்லது 4 | மைக்ரோ ஏடிஎக்ஸும் அதற்கு மேலும் |
| மினி ஐடிஎக்ஸ் | 170 × 170 | ஐந்தில் இரண்டு | 1 | 2 | ஏறத்தாழ எல்லாம் |

ஈ-ஏடிஎக்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒர்க்ஸ்டேஷன் பிராசசர் வாங்குகிறவர்களுக்கு அது தேவைப்படும். ஆனால் 244 மி.மீ. அகலத்தைச் சற்றுத் தாண்டிய போர்டுகளையும் நிறுவனங்கள் அதே பெயரில் விற்கின்றன என்பதால், பெயரை நம்பாமல் மில்லிமீட்டர் கணக்கைப் பார்த்த பின்பே கேபினெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

### ஏடிஎக்ஸ்

பெரிய போர்டு வாங்கினால் பிறகு விரிவாக்க வசதி என்பதுதான் ஏடிஎக்ஸை நோக்கி இழுக்கும் முதல் காரணம். அந்த வாதம் பாதிதான் உண்மை. பிராசசரிலிருந்து வரும் பிசிஐஇ லேன்களின் (கார்டும் எஸ்எஸ்டியும் தரவு பரிமாறும் பாதைகளின்) எண்ணிக்கை போர்டின் அளவால் கூடுவதில்லை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை மேசைக்கணினி பிராசசர்கள் பயன்பாட்டுக்குத் தருவது 24 லேன்கள். சிப்செட்டுக்கு நான்கு தனி. பதினேழு சென்டிமீட்டர் போர்டில் செருகினாலும் முப்பது சென்டிமீட்டர் போர்டில் செருகினாலும் இந்தக் கணக்கு மாறாது. இரண்டாவது, மூன்றாவது நீள ஸ்லாட்டுகள் பெரும்பாலும் சிப்செட் வழியாக நான்கு லேன்களில் இயங்குபவை. குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டிலேயே செருகும் இடம்) எஸ்எஸ்டி போட்டால் இரண்டு சாட்டா இணைப்புகள் (கேபிள் வழி டிஸ்க் இணைப்புகள்) செயலிழக்கும் என்ற அடிக்குறிப்பும் கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை வாங்குவதற்கு முன்பே பதிவிறக்கிப் படித்துவிடுவது நல்லது.

ஏடிஎக்ஸ் உண்மையாகவே தருவது இடைவெளி. ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் 20.32 மி.மீ. என்பது தரம். இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகள் மூன்று ஸ்லாட் தடிமனில் வருவதால், ஒரு கார்டு மாட்டிய பின்னும் வீடியோ கேப்சர் கார்டு ஒன்றும் 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்றும் மூச்சு முட்டாமல் உட்கார இந்த அளவு போர்டில்தான் இடம் இருக்கும். மூன்று, நான்கு எம்.2 எஸ்எஸ்டிகளைத் தனித்தனி ஹீட்சிங்க்கோடு (வெப்பத்தை வாங்கும் உலோகத் தகடு) பொருத்துவதும் இங்கே எளிது. விரல் நுழைய இடம் இருப்பதால் பழுது பார்ப்பவருக்கும் வேலை சுலபம்.

இதன் மறைமுகச் செலவு கேபினெட்டில் இருக்கிறது. பெட்டி பெரிதாகிறது, தூசு வடிகட்டியும் ஃபேன்களும் கூடுகின்றன, கண்ணாடிப் பக்கமும் சேர்ந்தால் தூக்கி நகர்த்தவே இருவர் வேண்டும். ஒரே ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் ஒரே ஒரு எஸ்எஸ்டியும் மாட்டி, மற்ற ஸ்லாட்டுகளை ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்திருப்பவர் அவ்வளவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறார்.

### மைக்ரோ ஏடிஎக்ஸ்

நம் ஊர்க் கடைகளில் அதிகம் புழங்கும் அளவு இது. சென்னை ரிச்சி தெருவில் பட்ஜெட் பட்டியல் கேட்டால் பெரும்பாலும் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுதான் எழுதித் தருவார்கள். எல்லாச் சிப்செட்டிலும் எல்லா விலையிலும் கிடைக்கிறது. சிறிய டவரிலும் மாட்டலாம், ஏற்கெனவே கையில் உள்ள ஏடிஎக்ஸ் கேபினெட்டிலும் மாட்டலாம்.

ஆனால் மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற பெயருக்குள் இரண்டு வகைப் போர்டுகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 244 × 244 என்பது தரம் அனுமதிக்கும் உச்ச அளவு. மலிவு விலைப் போர்டுகளின் அகலம் 190, 200 மி.மீ. என்று குறைந்துகொண்டே போகும். வலது ஓரத்தில் வரவேண்டிய திருகுத் துளை வரிசையே அவற்றில் இருக்காது. 24 பின் இணைப்பியும் ரேம் ஸ்லாட்டும் இருப்பது அந்த வலது ஓரத்தில்தான். கீழே தாங்குவதற்கு ஸ்டாண்ட்ஆஃப் (கேபினெட் தகட்டில் நிற்கும் குட்டைத் திருகுத் தூண்) எதுவும் இல்லாமல் இணைப்பியை அழுத்தினால் போர்டு வில்லாக வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அவ்வகைப் போர்டை கேபினெட்டுக்குள் வைப்பதற்கு முன்பே, அதன் அட்டைப்பெட்டி மேல் சமமாக வைத்து ரேமைச் செருகிவிட வேண்டும்; 24 பின் இணைப்பியைச் செருகும்போது ஓரத்துக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம் என்பவர் வாங்கும்போதே எட்டுத் துளைகள் உள்ள முழு அகலப் போர்டைக் கேட்டு வாங்கலாம். விலை வேறுபாடு பெரும்பாலும் தாங்கக்கூடியதுதான்.

அதேபோல், ஏடிஎக்ஸ் கேபினெட்டில் சிறிய போர்டை மாட்டும்போது போர்டில் துளை இல்லாத இடத்தில் நிற்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃபைக் கழற்றிவிட வேண்டும். மறந்துவிட்டால் அது போர்டின் அடிப்பக்கச் சால்டர் முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆகும். புதிய போர்டு பழுது என்று கடைக்குத் திரும்பி வருவதில் சில இந்தக் காரணத்தால் வருபவை.

நான்கு ஸ்லாட் என்ற எண்ணிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கார்டு மாட்டிய பிறகு மிஞ்சுவது அடியில் ஒன்று. அதில் இன்னொரு கார்டு போட்டால் கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேனுக்கு வரும் காற்று தடைபடும். ஆக, நடைமுறையில் இது ஒரே ஒரு பெரிய கார்டுக்கான போர்டு. ரேமில் நான்கு ஸ்லாட் இருப்பதும் முன்போலப் பெரிய வசதி ஆகாது: டிடிஆர்5 ரேமில் இரண்டு குச்சிகளுக்கு 5200 வேகம் என்று உத்தரவாதம் தரும் அதே ரைசன் 7000 வரிசைக்கு, நான்கு குச்சிகள் செருகினால் ஏஎம்டி தரும் உத்தரவாதம் 3600 மட்டும்தான்.

### மினி ஐடிஎக்ஸ்

பதினேழு சென்டிமீட்டர் சதுரத்தில் முழு ஆற்றல் உள்ள மேசைக்கணினியை அடைப்பது பொறியியல் அழகு என்பதில் ஐயமில்லை. வரவேற்பறை டிவிக்குப் பக்கத்தில் வைப்பவர், விடுதிக்கும் வீட்டுக்கும் தூக்கிச் செல்பவர், மேசையில் இடமே இல்லாதவர் ஆகிய மூவருக்கும் இதற்கு ஈடான மாற்று கிடையாது. இரண்டே ரேம் ஸ்லாட்டுகள் இருப்பதை முன்பு குறையாகச் சொன்னார்கள். இன்று 48 ஜிபி குச்சி இரண்டைப் போட்டு 96 ஜிபி வரை கொண்டுபோகலாம் என்பதால் அந்தக் குறை பெரும்பாலானவர்களைத் தொடாது.

ஆனால் செலவு, போர்டோடு நிற்பதில்லை. பாகங்களை நெருக்கி அடுக்க அதிக அடுக்குகள் கொண்ட சர்க்யூட் போர்டு தேவைப்படுவதால், அதே சிப்செட்டில் மைக்ரோ ஏடிஎக்ஸைவிட இதன் விலை கூடுதல். கேபினெட்டுக்கு எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ் தேவைப்பட்டால் அங்கும் கூடுதல். கூலரின் உயரம் ஐந்து, ஆறு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று கேபினெட் சொன்னால் மலிவான டவர் கூலர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். போர்டுக்குப் பின்புறம் கிராஃபிக்ஸ் கார்டை முதுகோடு முதுகாக நிறுத்தும் கேபினெட்டில் கார்டைப் போர்டின் ஸ்லாட்டோடு இணைக்கும் ரைசர் கேபிள் வேறு வேண்டும். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டை மாட்டினால் திரையில் படமே வராமல் போகலாம். போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்குக் குறைத்த பின்தான் வரும்.

ஒரே ஸ்லாட் என்பதால், நெட்வொர்க் சிப் பழுதானால் அதற்குத் தனிக் கார்டு போடக்கூட இடமில்லை. யூஎஸ்பி வழியாகத்தான் ஏதாவது செய்ய வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்து போர்டு போனால், அதே சாக்கெட்டில் இன்னொரு மினி ஐடிஎக்ஸ் உள்ளூரில் கிடைப்பது அரிது, பழைய சாக்கெட் என்றால் இன்னும் அரிது. வெப்பத்தைப் பொறுத்தவரை 18 லிட்டர் அளவுள்ள கேபினெட்டுகள் நியாயமாக நடந்துகொள்கின்றன. 10 லிட்டருக்குக் கீழே போனால், கோடை மாதங்களில் பிராசசரின் வேகத்தைக் குறைத்து வைத்தோ ஃபேன் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டோதான் ஓட்ட வேண்டியிருக்கும்.

### இணைப்புகளைப் பின்புறம் வைத்த போர்டுகள்

ஆசஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் மூன்றும் அண்மைக் காலத்தில் கேபிள் இணைப்பிகளைப் போர்டின் பின்முகத்துக்கு மாற்றிய மாதிரிகளை விற்கின்றன. பார்வைக்குச் சுத்தம். ஆனால் கேபினெட் தகட்டில் அதற்கேற்ற திறப்புகள் வேண்டும். பிடிஎக்ஸின் வரலாறு தெரிந்தவர்கள், அடுத்த போர்டும் இதே வகையில் கிடைக்குமா என்று யோசித்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம்.

## எஸ்எம்பிஎஸ் அளவுகள்

| அளவு | அகலம் × உயரம் × ஆழம் (மி.மீ.) | கனஅளவு (லிட்டர், ஏறத்தாழ) | ஃபேன் (மி.மீ.) | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ஏடிஎக்ஸ் | 150 × 86 × 140 முதல் | 1.8 | 120 முதல் 140 | டவர் கேபினெட் |
| எஸ்எஃப்எக்ஸ்-எல் | 125 × 63.5 × 130 | 1.0 | 120 | சற்றுப் பெரிய ஐடிஎக்ஸ் கேபினெட் |
| எஸ்எஃப்எக்ஸ் | 125 × 63.5 × 100 | 0.8 | 80 அல்லது 92 | ஐடிஎக்ஸ் கேபினெட் |
| டிஎஃப்எக்ஸ் | 85 × 65 × 175 | 1.0 | 80 | ஒல்லி அலுவலகப் பெட்டி |
| ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் | 81.5 × 40.5 × 150 | 0.5 | 40 | சிறிய சர்வர், சேமிப்பகப் பெட்டி |

அளவு எதுவாக இருந்தாலும் போர்டுக்குப் போகும் 24 பின் இணைப்பியும் அதன் வோல்டேஜும் இவை எல்லாவற்றிலும் ஒன்றே. எனவே எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ் ஏடிஎக்ஸ் போர்டையும் ஓட்டும், ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் மினி ஐடிஎக்ஸ் போர்டையும் ஓட்டும்.

வாங்கும்போது பெட்டியில் கொட்டை எழுத்தில் உள்ள வாட்டைப் பார்க்காமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். 2000-இல் பென்டியம் 4 வந்தது முதல் கணினியின் சுமையில் பெரும்பகுதி 12 வோல்ட்டுக்கு நகர்ந்துவிட்டது, 3.3, 5 வோல்ட் வரிகளுக்குச் சிறு பங்குதான். 650 வாட் என்று சொல்லும் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு எதிரே 54 ஆம்பியர் இருந்தால், பெருக்கினால் 648 வாட். சொன்னதும் உள்ளதும் ஒத்துப்போகின்றன. 450 வாட் என்று அச்சிட்டு, 12 வோல்ட்டுக்கு எதிரே 18 ஆம்பியர் போட்டிருந்தால் உங்களுக்குப் பயன்படுவது 216 வாட் மட்டுமே. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த இரண்டாவது வகையை அடிக்கடி பார்க்கலாம்.

### ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்

இடம் இருக்கும்வரை இதற்கு மாற்று தேட வேண்டிய தேவை இல்லை. உள்ளே இடம் தாராளம் என்பதால் பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும், ஓசை குறைவு. மின்சாரம் ஒரு கணம் தடைபட்டால் தாக்குப்பிடிக்க உதவும் முதன்மைக் கெப்பாசிட்டருக்கும் இடம் கிடைக்கிறது. சாதாரண யூபிஎஸ் மின்தடையை உணர்ந்து பேட்டரிக்கு மாறும் சில மில்லி நொடிகளை எஸ்எம்பிஎஸ்தான் சமாளிக்க வேண்டும். அந்தச் சேமிப்பு போதவில்லையென்றால், யூபிஎஸ் இருந்தும் கணினி ரீஸ்டார்ட் ஆகும்.

யூபிஎஸ் பேச்சு வந்ததால் ஒன்று: 650 வாட் எஸ்எம்பிஎஸ் எப்போதும் 650 வாட் இழுப்பதில்லை, பாகங்கள் கேட்பதை மட்டுமே இழுக்கும். வீடுகளில் அதிகம் உள்ள 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடும் நேரத்தில் கணினியும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டினால் யூபிஎஸ்தான் மாற்றப்பட வேண்டியது.

இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பாகங்களுக்குப் போகிறது என்பதைக் காட்டும் திறன் சான்றிதழைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 80 பிளஸ் சான்றிதழின் 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 விழுக்காடும் கோல்டு 90 விழுக்காடும் எட்ட வேண்டும். நம்முடைய 230 வோல்ட்டில் இரண்டுமே சற்று மேலாக இருக்கும். கணினி 300 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால் பிரான்ஸ் ஏறத்தாழ 53 வாட்டையும் கோல்டு 33 வாட்டையும் வெப்பமாக வீணாக்கும். நாளைக்கு நான்கு மணி நேரம் அந்தச் சுமையில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 29 யூனிட் வேறுபாடு. மின்கட்டணத்தில் இது பெரிய தொகை ஆகாது. டவர் கேபினெட்டில் நல்ல பிரான்ஸே போதும் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த 20 வாட் வெப்பம் சிறிய பெட்டிக்குள் அடைபடும்போது கதை வேறு. இன்னொன்று, அந்தச் சோதனை நடப்பது 23 டிகிரி அளவிலான அறையில். வெப்பமான அறையில் முழு வாட்டும் கிடைக்குமா என்பதை அறிய, எத்தனை டிகிரி வரை தொடர்ச்சியான வெளியீட்டுக்கு உத்தரவாதம் என்று தயாரிப்பாளர் குறித்திருப்பதைப் பார்க்க வேண்டும். 40 என்றும் 50 என்றும் எழுதப்பட்ட இரண்டில், நம் ஊருக்கு 50 எழுதியதை எடுப்பதே விவேகம்.

இதன் மறைமுகச் சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. 140 என்பது தொடக்க அளவு. வாட் ஏற ஏற 160, 180 என்று நீளும். கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் வகையில் கேபிள் செருகி வளையவும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தேவை, அதை எந்த அட்டவணையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹார்டு டிஸ்க் கூண்டு உள்ள சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்டில் இந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் தகராறு வரும்.

### எஸ்எஃப்எக்ஸ், எஸ்எஃப்எக்ஸ்-எல்

ஏடிஎக்ஸின் பாதிக்கும் குறைந்த கனஅளவில் இன்று 750, 850 வாட் எஸ்எஃப்எக்ஸ்கள் கிடைக்கின்றன. 1000 வாட்டும் உண்டு. சிறிய பெட்டியில் வெப்பத்தைக் குறைத்தாக வேண்டியிருப்பதால் பெரும்பாலும் கோல்டு, பிளாட்டினம் தரத்தில்தான் வருகின்றன. மலிவு வகை என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. விலைக்கு ஒரு காரணம் அது. ஃபேன் சிறிதாக இருப்பதால் சுமை ஏறும்போது ஒலி கூர்மையாகக் கேட்கும். அதைத் தணிக்க சில்வர்ஸ்டோன் நிறுவனம் கொண்டுவந்த நீட்டல் வடிவம்தான் எஸ்எஃப்எக்ஸ்-எல். இன்டெல்லின் வழிகாட்டியில் இல்லாத அளவு அது. உங்கள் கேபினெட் ஏற்குமா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பிற்பாடு பெரிய கேபினெட்டுக்கு மாறினாலும் அடைப்புத் தகடு ஒன்றின் உதவியால் எஸ்எஃப்எக்ஸை ஏடிஎக்ஸ் இடத்தில் மாட்டிவிடலாம் என்பது இதற்குச் சாதகம். பாதகம் கேபிள் நீளத்தில்: சிறிய பெட்டிக்கென 30 செ.மீ. அளவில் வெட்டப்பட்ட 24 பின் கேபிள், டவரின் அடியிலிருந்து போர்டின் ஓரத்தை எட்டாது.

### டிஎஃப்எக்ஸ், ஃப்ளெக்ஸ், நிறுவனங்களின் சொந்த அளவுகள்

டிஎஃப்எக்ஸை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. வாங்கிய ஒல்லிப் பெட்டி அதைக் கேட்கிறது. பெரும்பாலும் 300 வாட்டுக்குள் நிற்பதால், ஸ்லாட்டிலிருந்தே கிடைக்கும் 75 வாட்டில் ஓடும் குட்டைக் கார்டோடு திருப்தி அடைய வேண்டும். ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸின் 40 மி.மீ. ஃபேன் படுக்கையறைக்கு ஆகாது.

இங்கே எச்சரிக்கை தேவைப்படுவது செகண்ட் ஹேண்டில் வரும் அலுவலகக் கணினிகளுக்கு. டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களின் அலுவலக மேசைக்கணினிகள் பலவற்றில் 24 பின் இணைப்பியே கிடையாது. அவர்களுடைய சொந்த 6 பின், 8 பின், 10 பின் இணைப்பிகள்தான். பெட்டியின் துளைகளும் அப்படியே. விலை கவர்ச்சியானது, கட்டுமானமும் உறுதியானது, எழுத்து வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மிகப் பொருத்தம். ஆனால் எஸ்எம்பிஎஸ் போனால் அதே மாதிரியின் எஸ்எம்பிஎஸ்ஸையே தேட வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு போடும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். இன்டெல்லின் 12விஓ தரமும் 10 பின் இணைப்பியில் 12 வோல்ட்டை மட்டும் தருவதுதான்; ஆனால் அது வெளியிடப்பட்ட பொதுத் தரம், நிறுவனங்களின் சொந்த இணைப்பிகளோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சில்லறைக் கடைகளில் அது இன்னும் வேரூன்றவில்லை.

### ஏடிஎக்ஸ் 3.0, 3.1 தேவையா

2022-இல் வந்த 3.0 வழிகாட்டி, ஒரே கேபிளில் 600 வாட் வரை கொண்டுசெல்லும் 16 பின் இணைப்பியையும், கிராஃபிக்ஸ் கார்டு கண நேரம் இழுக்கும் மிகைச் சுமையைத் தாங்கும் நிபந்தனையையும் சேர்த்தது. இணைப்பி முழுதாகச் செருகப்படாமல் உருகிய நிகழ்வுகளுக்குப் பின், இணைப்பைச் சோதிக்கும் உணர்பின்களைக் குட்டையாக்கிய திருத்த வடிவம் 2023-இல் 3.1-இல் இடம்பெற்றது. பழைய 8 பின் கேட்கும் கார்டு வைத்திருப்பவர் இதற்காக எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டாம். 16 பின் கார்டு வாங்குபவர் 3.1 எடுப்பதே நல்லது. அத்துடன், இணைப்பியிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை கேபிளை வளைக்கக் கூடாது என்பதால், அகலம் குறைந்த கேபினெட்டில் பக்கக் கண்ணாடி கேபிளை அழுத்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

## யாருக்கு எந்தச் சேர்க்கை

வீட்டில் படிப்பு, அலுவலக வேலை, நடுத்தர விளையாட்டு என்று வாழ்பவருக்கு முழு அகல மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் 550 அல்லது 650 வாட் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் போதும். பத்தில் எட்டுப் பேருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கணிப்பு. பாகம் போனால் எந்த மாவட்டத் தலைநகரிலும் அன்றைக்கே மாற்று கிடைக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டோடு இன்னும் இரண்டு கார்டுகள் செருகுபவர், நான்கு எஸ்எஸ்டிகளில் வீடியோ கோப்புகளை வைத்து வேலை செய்பவர் ஆகியோர் ஏடிஎக்ஸ் போர்டு எடுக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸும் ஏடிஎக்ஸ்தான், வாட் கணக்கு மட்டும் கார்டைப் பொறுத்து ஏறும்.

இடம் உண்மையாகவே கட்டாயம் என்றால் மினி ஐடிஎக்ஸும் எஸ்எஃப்எக்ஸும். அப்போது கேபினெட்டை முதலில் முடிவுசெய்து, அது அனுமதிக்கும் கூலர் உயரம், கார்டின் நீளம், தடிமன் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு மற்றவற்றை அதற்குள் தேட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் ஏதோ ஒன்று பொருந்தாமல் போகும். அழகுக்காக மட்டும் சிறிய பெட்டி வேண்டும் என்பவர், மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் ஏற்கும் 30 லிட்டர் அளவிலான கேபினெட்டுகளை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

கையில் உள்ள கணினியில் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றுபவர்களுக்கு ஒன்று. போர்டுக்குச் செல்லும் முனைக்குத்தான் தரம் உண்டு. மாடுலர் கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு எந்தத் தரமும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளில்கூடக் கம்பி வரிசை மாறியிருக்கலாம். இணைப்பி வழுவழுவென்று உள்ளே போகும், சுவிட்ச் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அந்தக் கணமே செத்துவிடும். பழைய கேபிள்கள் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டப்பட்டிருந்தாலும் ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டு, புதிய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிள்களை மட்டும் போடுங்கள். மிஞ்சும் கேபிள்களை எந்த மாதிரிக்கு உரியவை என்று எழுதிய உறையில் போட்டு வைக்கலாம்.